உலோகத் தகட்டில் டோனர் அச்சு: எப்படி ஒட்டுகிறது, கடற்கரை ஊரில் ஏன் உரிகிறது

வாசலுக்கு ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஒரு நினைவுக் கேடயம், கோயில் உபயத்துக்கு ஒரு தகடு என்று புதுச்சேரியிலோ கடலூரிலோ கடை ஏறிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: 'மெட்டல் பிரிண்ட் போட்டுத் தருகிறோம்.' அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது நான்கு வேலைகள் இருக்கின்றன. நான்குக்கும் விலை வேறு, ஆயுள் வேறு. ஹீட் பிரஸ்ஸில் (சூடும் அழுத்தமும் ஒன்றாகத் தரும் எந்திரம்) டோனர் என்ற லேசர் பிரின்டர் தூளை ஏற்றிய தகடு கூடத்துச் சுவரில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அதே தகட்டைக் கடலைப் பார்த்த வாசலில் மாட்டினால், ஒரு கோடை முடிவதற்குள் எழுத்தின் ஓரம் தூக்க ஆரம்பித்துவிடும். வாங்கியவர் கடைக்காரரைக் குறை சொல்வார். கடைக்காரர் உப்புக்காற்றைக் கை காட்டுவார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் பொருளின் குணத்தில் இருக்கிறது.

டோனருக்குள் இருப்பது என்ன

டோனர் பார்வைக்குக் கரித்தூள்போல இருக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி பிளாஸ்டிக்: பாலியெஸ்டர் அல்லது ஸ்டைரீன் அக்ரிலேட் வகை ரெசின். அதோடு நிறத்துக்குக் கரியோ வேறு நிறமியோ, சூடான உருளையில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் மெழுகு, மின்னேற்றத்தைச் சீராக வைக்கச் சில சேர்மானங்கள். ஒரு துகள் சுமார் 5 முதல் 10 மைக்ரான். பிரின்டருக்குள் மின்னேற்றத்தின் இழுப்பால் இந்தத் தூள் எழுத்தின் வடிவில் உருளையில் படிந்து, தாளுக்கு மாறி, கடைசியில் சூடான உருளைகளுக்கு இடையே நசுங்கி உருகித் தாளின் இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. ஜெராக்ஸ் கடையில் கைக்கு வரும் தாள் வெதுவெதுப்பாக இருப்பது அந்தச் சூட்டினால்தான்.

ஆகவே தாளில் தெரியும் எழுத்து, உருகி இறுகிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். மறுபடி சூடுபட்டால் மறுபடி இளகும். இதில் இரண்டு வெப்பநிலைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் ரெசின் விறைப்பை இழந்து தளர ஆரம்பிக்கிறது. 150 முதல் 180 டிகிரிக்குப் போனால் நன்றாக இளகி, அழுத்தத்தில் பக்கத்துப் பரப்பைப் பற்றுகிறது. முதல் எண் வாசலில் மாட்டிய தகட்டின் பகை. இரண்டாவது எண்தான் ஹீட் பிரஸ்ஸின் வேலை.

இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் படமே உலோகத் தகட்டில் பிறந்தது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, எழுத்து எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளி காட்டினார். பிறகு ஒரு தாவரத் தூளைத் தூவி, தகட்டில் தெரிந்த எழுத்தை மெழுகுத்தாளில் சூடு காட்டி எடுத்தார். அன்று தகட்டிலிருந்து தாளுக்குப் போன எழுத்தைத்தான் நாம் இன்று தாளிலிருந்து தகட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

ஒரே பெயரில் நான்கு வேலை

1. டோனர் மாற்று: லேசர் பிரின்டரில் தாளில் அடித்த எழுத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் உலோகத்துக்கு மாற்றுவது. எழுத்து உலோகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும்.

2. சப்ளிமேஷன்: சுமார் 200 டிகிரியில் சாயம் திரவமாகாமல் நேராக ஆவியாகி, தகட்டின்மேல் ஏற்கெனவே பூசியிருக்கும் பாலியெஸ்டர் பூச்சுக்குள் புகுந்துகொள்வது. போட்டோ ஸ்டுடியோக்களில் கிடைக்கும் வண்ணப் படக் கேடயங்களில் பெரும்பாலானவை இவைதாம். பூச்சில்லாத வெறும் பித்தளையில் இது பிடிக்கவே பிடிக்காது.

3. யு.வி. அச்சு: புற ஊதா ஒளியில் இறுகும் மையை நேராகத் தகட்டின்மேல் தெளிப்பது. எந்திரம் பெரியது, முதலீடும் பெரியது.

4. அமில அரிப்பு: எழுத்தைத் தவிர மற்ற இடத்தை மூடிவிட்டு, திறந்த இடத்தை ரசாயனத்தால் குழியாக்கி வண்ணம் நிரப்புவது. இதில் எழுத்து உலோகத்தின் உள்ளே இருக்கும்.

மேலே உட்கார்ந்ததா, உள்ளே இறங்கியதா என்ற ஒரு கேள்வியைக் கடையில் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சூடு எங்கே போகிறது

டோனர் மாற்றில் கெட்டுப்போகும் தகடுகளில் பெரும்பாலானவை கெடுவது ஒரே காரணத்தால்: மெஷினின் முகத்தில் 180 என்று எரிவதைத் தகட்டின் சூடு என்று எடுத்துக்கொள்வது. அந்த எண் மேல்பலகையின் வெப்பநிலை. தகட்டின் சூடு வேறு.

15 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் 1 மி.மீ. கனமுள்ள ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். அலுமினியமாக இருந்தால் அதன் எடை சுமார் 40 கிராம்; பித்தளையாக இருந்தால் சுமார் 127 கிராம்; எவர்சில்வராக இருந்தால் சுமார் 120 கிராம். 30 டிகிரியிலிருந்து 160 டிகிரிக்கு ஏற்ற அலுமினியத்துக்குச் சுமார் 4,700 ஜூல் வெப்பம் வேண்டும். பித்தளைக்குச் சுமார் 6,300. எவர்சில்வருக்குச் சுமார் 7,800. இவ்வளவும் மேலிருந்து, தாள் என்ற வெப்பத் தடையைத் தாண்டி வர வேண்டும். டி-ஷர்ட்டுக்குப் பதினைந்து விநாடி போதும் என்று பழகிய கை, தகட்டையும் பதினைந்து விநாடியில் எடுத்துவிடுகிறது. அதற்குள் டோனர் இளகியிருக்கும். ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த உலோகத்தில் பட்ட பிளாஸ்டிக் அங்கேயே விறைத்துவிடும், பரவிப் பற்றாது.

எவர்சில்வரில் இன்னொரு சிக்கல் உண்டு. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூட எவர்சில்வர் கடத்தாது. மேல்பலகையில் ஓர் இடம் சற்றுக் குளிர்ந்திருந்தால், அலுமினியத் தகடு தனக்குள் பகிர்ந்து அதைச் சரிசெய்துவிடும். எவர்சில்வர் அந்தக் குறையை அப்படியே எழுத்தில் காட்டிவிடும். ஒரு பக்கம் நன்றாக ஏறி மறு பக்கம் திட்டுத் திட்டாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

தீர்வு எளியது: தாளை வைக்கும் முன் வெறும் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் சூடேற்ற வேண்டும். சூட்டை அளக்கத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு மானியை நம்பிப் பளபளக்கும் பித்தளையைக் குறிபார்ப்பவர்கள் உண்டு. அது தவறான எண்ணையே காட்டும். மின்னும் உலோகம் தன் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும் என்பதால், மானி உண்மையைவிட மிகக் குறைத்துச் சொல்லும். தகட்டின் மூலையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதைக் குறிபார்த்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

மின்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1,800 வாட் பிரஸ் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். டேபிள் ஃபேன் சொருகும் சிறிய சாக்கெட் அதற்குத் தாங்காது. பெரிய 15 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும்.

வேலையின் வரிசை

1. அச்சு. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி அடிக்க வேண்டும். 'ப' போன்ற எழுத்தைப் பார்த்துச் சரிபார்க்காதீர்கள். திருப்பினாலும் அது ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். 'க' அல்லது 'ட' எங்கே இருக்கிறதோ அதைப் பாருங்கள். டோனரைச் சிக்கனப்படுத்தும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். தாள், எதுவும் ஒட்டாமலிருக்கச் சிலிக்கோன் பூசிய விலக்குத்தாளாகவோ களிமண் பூச்சுள்ள பளபளப்பான தாளாகவோ இருக்கலாம். இன்க்ஜெட் போட்டோ தாளை மட்டும் லேசர் பிரின்டருக்குள் விடக்கூடாது. அதன் பூச்சு உள்ளே உருகி உருளையில் சுற்றிக்கொண்டால் பிரின்டருக்கே கேடு.

2. தகடு. வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுக்க வேண்டும். மயிரிழை உயரம் இருந்தாலும் அது தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் சோப்பு நீரால் எண்ணெயை எடுத்து, பிறகு 400 எண் உப்புத்தாளால் ஒரே சீராகத் தேய்த்து, மறுபடி கழுவ வேண்டும். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் கீறல்களுக்குள் எண்ணெயைப் புகட்டியதாகிவிடும். சுத்தமாயிற்றா என்பதற்குத் தண்ணீரே சாட்சி. தகட்டை நனைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். தாமரை இலைபோல ஓரிடத்தில் முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. அதன்பிறகு பரப்பை விரலால் தொடக்கூடாது. ஒரு கைரேகை போதும், அங்கே ஓர் எழுத்து ஏறாது.

3. சூடு. தாளின் ஒரு விளிம்பை வெப்பம் தாங்கும் டேப்பால் தகட்டில் ஒட்டி, அந்த விளிம்பிலிருந்து மெல்ல இறக்க வேண்டும். சூடான தகட்டில் தாள் பட்ட இடம் பட்டதுதான், நகர்த்த முடியாது. அழுத்தம் குறைந்தால் எழுத்தில் ஓட்டை விழும். கூடினால் எழுத்து நசுங்கிப் பரவும். கம்பெனிக்குக் கம்பெனி டோனர் உருகும் நிலை மாறும் என்பதால், துண்டுத் தகட்டில் சோதிக்காமல் வாடிக்கையாளரின் தகட்டில் கை வைக்கக்கூடாது.

4. ஆறவிடுதல். 15 செ.மீ. அலுமினியத் தகடு 130 டிகிரி ஏறும்போது கிட்டத்தட்ட அரை மி.மீ. நீள்கிறது; ஆறும்போது அதே அளவு சுருங்குகிறது. தாள் அப்படிச் சுருங்காது. இளகிய நிலையில் அவசரப்பட்டு இழுத்தால் டோனர் பாதி தாளிலும் பாதி தகட்டிலுமாகக் கிழியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து, விலக்குத்தாளானால் உரிக்கலாம். களிமண் பூச்சுத் தாளானால் தண்ணீரில் ஊறவைத்து, தாள் கூழானதும் விரல் நுனியால் உருட்டி எடுக்கலாம்.

5. மறுசூடு. பலர் விட்டுவிடும் படி இது. என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுதான். உரித்த தகட்டின்மேல் விலக்குத்தாளை மூடி, அழுத்தாமல், 150 டிகிரி அளவில் மறுபடி சில நிமிடங்கள் வைத்தால் டோனர் இன்னொரு முறை இளகி உப்புத்தாள் கீறல்களுக்குள் இறங்கும். அதுவரை மங்கலாக இருந்த எழுத்து மெருகேறி வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

6. மேற்பூச்சு. நிறமற்ற பூச்சு இல்லாமல் டோனர் தகட்டை வெளியே அனுப்பக்கூடாது. ஆனால் பூச்சில் கலக்கும் தின்னரே டோனரைக் கரைக்கக்கூடியது. முதல் கையைத் தூரத்திலிருந்து பனிபோல மெல்லத் தெளித்துக் காயவிட்டு, அதன்மேல்தான் கனமாக அடிக்க வேண்டும்.

புள்ளி எங்கே போயிற்று

ஆங்கிலப் பெயர்ப்பலகைக்கு இல்லாத ஒரு தொல்லை தமிழுக்கு உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி, தன்னைச் சுற்றி எதையும் தொடாத ஒரு குட்டித் தீவு. எழுத்தின் கோடு ஓரிடத்தில் சரியாகப் பிடிக்காவிட்டாலும் பக்கத்துப் பகுதி அதை இழுத்து வைத்துக்கொள்ளும். புள்ளிக்கு அந்தத் துணை கிடையாது. தாளை உரிக்கும்போது முதலில் தாளோடு போவது அதுதான். 'அண்ணாமலை' என்று அடித்தது 'அணணாமலை' என்று வந்து நிற்கும். பெயருக்குரியவர் வாழ்நாள் முழுவதும் பார்க்க வேண்டிய பலகை அது. இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் கேட்பவர்களின் தகட்டிலும், எழுத்தின் தலைமேல் வரும் சாய்கோட்டுக்கு இதே கதிதான்.

இன்னொரு பக்கம், 'ண', 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் உருகிப் பரவி அடைத்துக்கொள்ளும். அங்குலத்துக்கு 600 அச்சுப் புள்ளி இடும் (600 டி.பி.ஐ.) பிரின்டரின் ஓர் அச்சுப் புள்ளி 0.042 மி.மீ.; பிரின்டர் நுணுக்கமாகத்தான் அடிக்கிறது. பிரஸ்ஸின் அழுத்தத்தில்தான் அந்த நுணுக்கம் போகிறது. எனவே மெல்லிய கோடுகளுள்ள எழுத்துருவை விட்டு, சுழி விரிந்து கோடு சீராக உள்ள எழுத்துருவை எடுங்கள். கோப்பிலேயே மெய்யெழுத்தின் புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள்.

வெள்ளை இல்லாத வண்ணம்

சாதாரண வண்ண லேசர் பிரின்டரில் வெள்ளை டோனர் கிடையாது. தாளின் வெள்ளையைத்தான் நாம் வெள்ளையாகப் பார்க்கிறோம். பித்தளைக்கு மாற்றினால் வெள்ளை இருந்த இடமெல்லாம் பித்தளையாகத் தெரியும். முகப்படத்தின் கண்ணும் பல்லும் மஞ்சளாகும். வண்ண டோனர் ஓரளவு ஒளி ஊடுருவுவது என்பதால் நீலமும் பச்சையாகச் சாயும். வெறும் உலோகத்தில் கறுப்பு எழுத்து ஒன்றே நம்பிக்கையானது. முகப்படம் வேண்டுமானால் வெள்ளைப் பூச்சுத் தகட்டில் சப்ளிமேஷனுக்குப் போவதே நல்லது.

கடற்கரை வாசல்

இப்போது முதல் எண்ணுக்குத் திரும்புவோம்: 50 முதல் 65 டிகிரி. அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கு வெயில் விழும் வாசலின் உலோகத் தகட்டில் பிற்பகல் மூன்று மணிக்குக் கை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாது. டோனர் தளரும் எல்லையைத் தகடு அங்கே தினமும் தொட்டுவிட்டு வருகிறது. பகலில் நீண்டு இரவில் சுருங்கும் உலோகத்தின்மேல், தளர்ந்தும் விறைத்தும் அலையும் படலம் ஓரத்திலிருந்து பிடியை விடுகிறது.

கிழக்கு வாசலுக்கு வேறு சோதனை. புதுச்சேரி, கடலூர் இரண்டுக்கும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலிலிருந்து வீசும் காற்றோடு வருகிறது. காற்று கொண்டுவரும் உப்பு தகட்டில் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. டோனர் படலத்தில் ஊசிமுனை ஓட்டைகள் நிறைய உண்டு. அவற்றின் வழியே உப்பு நீர் உலோகத்தை அடைந்தால் பித்தளையில் களிம்பு ஏறும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். இரண்டும் எழுத்தைக் கீழிருந்து நெம்பித் தள்ளும். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வீடு என்றால், 304 வகை எவர்சில்வரில்கூடப் பழுப்புக் கறை படரும். மாலிப்டினம் சேர்ந்த 316 வகை உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்.

அப்படியானால் கடலோரத்தில் எதுதான் நிற்கும்? சுய்ப்ரேன் வீதி போன்ற புதுச்சேரித் தெருமுனைகளில் நீலத் தளத்தில் வெள்ளை எழுத்தாக, பிரெஞ்சும் தமிழுமாக நிற்கும் பழைய எனாமல் தகடுகளைப் பாருங்கள். அடிப்படை அதே தத்துவம்தான்: இரும்பின்மேல் தூளை இட்டுச் சூட்டில் உருக்குவது. ஆனால் அந்தத் தூள் கண்ணாடி, அந்தச் சூடு சுமார் 800 டிகிரி. மே மாத வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஹீட் பிரஸ்ஸால் அந்த உறுதியைத் தர முடியாது. தருவதாகச் சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

டோனரைக் கவசமாக்குவது

வாசல் பலகைக்கு நான் பரிந்துரைப்பது வேறு வழி. டோனரை எழுத்தாக விடாமல், கவசமாக வைத்துக்கொள்வது. எழுத்துகள் திறந்திருக்க, பின்புலம் முழுவதும் டோனர் மூடியிருக்கும்படி படத்தின் கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றி அச்சடித்து, பித்தளையில் மாற்ற வேண்டும். தகட்டின் பின்புறத்தையும் ஓரங்களையும் டேப்பால் மூடி, ஃபெரிக் குளோரைடு என்ற, உலோகத்தை அரிக்கும் ரசாயனத்தின் கரைசலில் முகம் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். அரித்த கசடு குழியில் தங்காமல் உதிர்ந்துவிட அதுதான் வழி. ஆழம் போதும் என்றானதும் கழுவி, டோனரை அசிட்டோனால் துடைத்தெடுத்து, குழிகளில் கறுப்பு எனாமல் பெயின்டை நிரப்பிக் காயவைத்து, மேலே வழிந்த பெயின்டை உப்புத்தாளால் சமன் செய்தால் எழுத்து உலோகத்துக்குள் நிற்கும்.

இந்தக் கரைசலை அலுமினியத்தில் பயன்படுத்தக்கூடாது. கடுமையாகச் சூடேறிப் பொங்கும். அலுமினியத்துக்கு மயில்துத்தமும் (செப்பு சல்பேட்) உப்பும் கலந்த கரைசல் போதும். செம்பு செந்நிறக் கசடாக உதிர்ந்து வரும். எதுவானாலும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும்.

வேலை முடிந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றும் வழக்கம் சிறு பட்டறைகளில் இருக்கிறது. கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. கெடிலம், உப்பனாறு என்ற ஆறுகள் கடலைச் சேரும் கடலூர் போன்ற ஊரில் சாக்கடையில் போவது எங்கே போய்ச் சேரும் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைசலில் இரும்பு நாரைப் போட்டு வைத்தால் செம்பு அதன்மேல் படிந்துவிடும். பிறகு சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மீதி உலோகமும் சேறாக இறங்கும். அந்தச் சேற்றைக் காயவைத்து மூடிய டப்பாவில் அடைத்து, அபாயகரமான கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதைச் செய்ய இயலாதவர்கள் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

துலக்கும்போது

பித்தளை என்றால் புளி போட்டுத் துலக்குவது நம் வீட்டுப் பழக்கம். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், தேங்காய் நார் அதைத் தேய்த்தெடுக்கும். போகிக்கு வீட்டைக் கழுவும் கையோடு வாசல் பலகையையும் அப்படித் தேய்ப்பார்கள். டோனர் தகடானால் முதல் தேய்ப்பிலேயே மேற்பூச்சு கீறிவிடும். அடுத்த மழைக்குள் கீறல் வழியே களிம்பு இறங்கிவிடும். அதை ஈரத்துணியால் ஒற்றி, நல்ல தண்ணீரில் உப்பை நீக்கி, உடனே துடைத்தால் போதும். நெயில் பாலிஷ் போக்கும் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது. பெரும்பாலும் அதில் அசிட்டோன் இருக்கும், எழுத்து துணியோடு வந்துவிடும். அரித்து எழுதிய தகட்டைப் புளியிட்டே துலக்கலாம். நாரை மட்டும் தவிர்த்துத் துணியால் தேய்த்து, புளி குழிகளில் தங்காதபடி நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து மாட்ட வேண்டும். குழியில் பெயின்ட் எங்காவது உதிர்ந்திருந்தால், மெல்லிய தூரிகையால் அந்த இடத்தை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்.